இரண்டு நெளி, ஒரு புள்ளி

இன்னும் ஒரே ஒரு வாக்கு வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வாக்கில் வந்து மக்கர் பண்ணிக்கொண்டு நின்றது குழாய்ச் சின்னம்.

ஜெயிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? நாடாளுமன்றத் தேர்தல். மேட்டுத் தெருக்கள் ஏழும் சேர்ந்து, குடிதண்ணீர் கேட்டு ஆரம்பித்த கட்சி. ஆனால் இரண்டாயிரம் வாக்கு வாங்காத கட்சியின் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். சின்னமும் போய்விடும். அப்புறம் மேட்டுத் தெருவுக்காகக் கேட்க ஒரு நாதி இருக்காது.

வேட்பாளர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஊருக்கே அவர் குழாய்க்காரர்தான்.

வாக்கு எண்ணும் மேசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பெரிய கட்சியின் ஏஜெண்டாக ஜவுளிக்கடைக்காரர். மனுஷன் காலையிலிருந்து கிண்டலை நிறுத்தவே இல்லை.

"என்ன குழாய்க்காரரே, திறந்தா வெறும் காத்துதான் வருது?"

குழாய்க்காரர் மேசையைப் பார்த்தார். மிச்சமிருந்தது சந்தேகச் சீட்டுகளின் கட்டு ஒன்றுதான்.

தேர்தல் அதிகாரியம்மா முதல் சீட்டை எடுத்தார். குழாய்க்கு நேராகச் சரியான குறி. அதற்குக் கீழே குண்டு குண்டாக எழுத்து: 'அண்ணே, பதினாலாம் நம்பர் வீடு. தொட்டி ஒழுகுது.'

போட்டவர் யாரென்று தெரிந்துவிட்டது. செல்லாது.

அடுத்தது: 'தம்பி, மூணாவது தெரு டீச்சர். பார்லிமெண்டுல போய் பயப்படாம பேசு.' செல்லாது.

குழாய்க்காரர் கடை பூட்டியிருந்தால் கதவிடுக்கில் சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போவது மேட்டுத் தெருக்காரர்கள் பழக்கம். பிரச்சாரத்தில் அவரும் வீடு வீடாகப் போய், குறை எதுவானாலும் வழக்கம்போல எழுதிப் போடுங்கள் என்று சொல்லித் தொலைத்திருந்தார். பாவி ஜனங்கள் எழுதிப் போட்டுவிட்டார்கள், வாக்குச் சீட்டிலேயே!

அறுபத்திரண்டு சீட்டு. அறுபத்திரண்டிலும் ஆசையாகக் குழாய்க்குப் போட்டு, ஆசையாகவே கெடுத்து வைத்திருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாக ஒன்று.

அதில் பெயரில்லை, வீட்டு நம்பரில்லை. குறிக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு நெளி, கீழே ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அதிகாரியம்மா சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது யார் போட்டதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுதா? தெரிஞ்சா செல்லாது. தெரியலைன்னா எண்ணிடுவேன்."

குழாய்க்காரர் அந்த நெளியை உற்றுப் பார்த்தார்.

தெரியாமல் என்ன? வேலை முடிந்ததும் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் அதைத் தன் அடையாளமாகப் போடாமல் அவர் ஒரு வீட்டை விட்டும் இறங்கியதில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். வாக்குச் சாவடியில் குறி போட்டு முடித்ததும் கை தன்பாட்டில் போட்டுவிட்டிருக்கிறது. ஊரார் அறுபத்திரண்டு பேரைத் திட்டி என்ன பிரயோசனம்? அறுபத்து மூன்றாவது முட்டாள் வேட்பாளரேதான்.

பேசாமல் இருந்தால் கட்சி பிழைக்கும். ஆனால் ஒழுகுகிற குழாயை ஒழுகவில்லை என்று ஒருநாளும் சொல்லிப் பழகாத வாய் அது.

"மேடம், அது வந்து..."

மேசைக்கு அடியில் அவர் காலை யாரோ நச்சென்று மிதித்தார்கள்.

"யாரோ பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருக்காங்க மேடம். எங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணுங்க" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

அதிகாரியம்மா சீட்டைக் குழாய்க் கட்டின் மேல் வைத்தார். இரண்டாயிரம்.

குழாய்க்காரர் கண் கலங்கித் திரும்பிப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி காதோரம் முணுமுணுத்தார்.

"போன வருஷம் நீங்க போட்ட நெளி எங்க சமையல்கட்டுச் சுவத்துல அப்படியே இருக்கு. அன்னிலேருந்து ஒரு சொட்டு ஒழுகல. வாயை மூடிட்டு உக்காருங்க."