கறுப்புத் திரையில் ஒரு விரல்

சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்க, மின்விசிறி மெக்கானிக் தன் மனைவியின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாக எடுக்கிறார். கண் தெரியாத தனக்கு வெளிச்சம் எதற்கென்று அவள் திரையை நிரந்தரமாக இருட்டாக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கறுப்பில், இரண்டு கண்ணும் பழுதில்லாத மனிதர் தட்டுத்தடுமாறுகிறார். தொழிலாளிகளைப் பேச வைக்கும் ஒரு பாட்காஸ்டில் அவர் பேசியது இன்று வந்து, அவள் கைப்பேசியிலும் இறங்கியிருக்கிறது. இருபது நிமிடப் பேச்சில் பதினைந்து நிமிடம் திக்கலுக்கே போய்விட்டது என்று அவருக்கு வெட்கம். அவள் கேட்பதற்குள் அழித்துவிட வேண்டும். விரல் படுகிறது. “பதிவிறக்கங்கள்,” என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறது, தொட்டதையெல்லாம் அவளுக்காக வாய்விட்டுச் சொல்லும் கைப்பேசி. பதறிப்போய் உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்துகிறார். “நீக்கு, பொத்தான். நீக்க இருமுறை தட்டவும்.” சமையலறையில் பாத்திரச் சத்தம் நிற்கிறது.

“என்னங்க, என் போன்ல யாரை நீக்குறீங்க?”

“சு... சும்மா மணி பார்த்தேம்மா.”

“நல்லா பார்த்தீங்க. கொண்டாங்க இப்படி.”

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். அவள் விரல் திரையை நாலுமுறை தள்ளுகிறது, பாட்காஸ்ட் ஓடுகிறது. எதையும் மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறவள் அவள். அவர் குரல் குருவிக்கூட்டம்போலக் கீச்சிட்டுப் பறக்கிறது, திக்கலே தெரியவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அவளோ நிறுத்திவிட்டு வேகத்தைப் படிப்படியாக இறக்குகிறாள். “இரண்டு மடங்கு. ஒன்றரை மடங்கு. இயல்பான வேகம்.”

“ஏம்மா, அப்படியே கேளேன். நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது யாரோங்க,” என்று சொல்லி, முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.