கல் அடுப்பருகே ஒரு நாற்காலி

நெவாடாவின் இந்த அரசுப் பொட்டலில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கவிட மாட்டார்கள். வீடு கைவிட்டுப் போனதிலிருந்து நானும் என் கணவன் வெண்டலும் வேனிலேயே இடம் மாறிக்கொண்டிருக்கிறோம். புதிதாகத் தீ மூட்டித் தரையைக் கெடுக்கக்கூடாது. யாரோ முன்பு கல் அடுக்கிய அடுப்பாகப் பார்த்துத்தான் இறங்குவோம்.

இன்று மத்தியானம் அப்படியோர் அடுப்பருகே எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

வெண்டல் சாம்பலைத் தொட்டுப் பார்த்தான். "சூடா இருக்கு கோரா! பக்கத்துல ஆள் இருக்காங்க, பொழச்சோம்!"

புழுதியில் எங்கள் டயர்த் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. அடுப்பருகே ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. கைப்பிடியில் என் பெயர், என் கையெழுத்தில். இருக்கைக் கிழிசலில் சிவப்புக் கட்டத் துணி வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. கோணல்மாணலான அந்தத் தையல் என்னுடையதேதான்.

ஓடிப்போய் வேனைத் திறந்தேன். என் நாற்காலி உள்ளேயே இருந்தது, கிழிசலோடு. ஒட்டுப்போடத் துணி கிடைக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

"துணி கெடச்சிருச்சு போல," என்றான் வெண்டல். அந்த வெயிலிலும், போட்டிருந்த சிவப்புக் கட்டச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டான்.