ஒன்பதாவது பிரிவு

"ஓப்பல், வெளிய வா! வந்துட்டானுங்க!"

டெல்மர் போட்ட கத்தலில் தெருவே வாசலுக்கு வந்தது. தண்டவாளத்தை ஒட்டி, தெருமுனையில் நகராட்சி லாரி நின்றது. மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

புதிய நகர சாசனம் அமலுக்கு வந்த முதல் நாள் அது. ஊரை நடத்தும் பழைய சாசனத்தைத் திருத்தி எழுதி, மக்களிடம் ஓட்டுக்கு விட்டிருந்தார்கள். புத்தகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வி: வேண்டுமா, வேண்டாமா?

டெல்மர் வீடு வீடாக ஏறி இறங்கி 'வேண்டும்' என்று போட வைத்தான். எல்லாம் பேத்திக்காக. இந்தத் தெருவின் பழைய ஈயக் குழாய்த் தண்ணீரைக் குடித்து அவள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. ஐந்து வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேச வரவில்லை.

"அந்தத் தடிப் புத்தகத்தை முழுசாப் படிச்சியா, இல்ல எங்ககிட்ட சும்மா அளந்து விட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஓப்பல்.

"முன்னாடி பக்கமெல்லாம் சர்வேக்காரன் பாஷை. இத்தனை அடி வடக்கே, அப்புறம் மேற்கேன்னு. அதை எவன் படிப்பான்? நமக்கு வேண்டியது ஒன்பதாவது பிரிவு." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "நகர எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சியே தன் செலவில் புதுக் குழாய் போட்டுத் தரும்."

"இரும்பு உருக்கற ஃபவுண்டரியை மூடினப்புறம் இந்தத் தெருவுல வரி கட்ட நாதி இல்ல. நமக்காய்யா செலவு பண்ணப் போறானுங்க?"

"வாயை வைக்காத. தோண்டறானுங்க பாரு."

டோனட் டப்பாவும் காபியுமாகப் போனான். தோண்டியவன் கர்ட்டிஸ், ஃபவுண்டரி உலை முன்னால் இவனோடு சேர்ந்து வெந்தவன். டோனட்டை எடுக்கவில்லை. முகத்தையும் நிமிர்த்தவில்லை.

"என்னடா இவ்வளவு சின்னக் குழி? ஒரு ஆளு இறங்க இடமில்ல. லாரியில குழாயையும் காணோம், வெறும் சிமெண்ட் மூட்டைதான் கிடக்கு."

"கேக்காதண்ணே. கையில குடுத்த வேலையைச் செய்யறோம்."

இருவரும் ஓர் இரும்புக் கம்பத்தை இறக்கிக் குழியில் நட்டார்கள். பச்சைப் பலகையை டெல்மர் வீட்டைப் பார்க்கத் திருப்பி, கர்ட்டிஸ் திருகாணியை முறுக்கினான்.

'ஹார்வின் நகரம் உங்களை வரவேற்கிறது.'

பின்னாலேயே வந்திருந்த ஓப்பல் சிரித்துவிட்டாள். "இங்கயே பொறந்து இங்கயே கிழடானவங்கடா நாங்க. எங்களை என்னத்துக்கு வரவேற்கிறானுங்க?"

கர்ட்டிஸ் கையுறையைக் கழற்றினான்.

"நீ ஓட்டுப் போட வச்ச சாசனம்தாண்ணே. இன்னையிலேர்ந்து ஊரு இங்கதான் ஆரம்பிக்குது."