வகுப்பில் ஒன்பது பெண்கள்

ஒன்பது தாளிலும் 'பெண்' என்ற கட்டத்தில்தான் குறி இருந்தது.

ரலிட்சாவுக்கு ரத்தம் கொதித்தது. வகுப்பில் இருப்பதே எட்டுப் பையன்களும் ஒரே ஒரு பெண்ணும்தான். அந்த ஒருத்தி, வெலினா, ஜன்னலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இளைஞர்களின் பாலியல் நலம் பற்றிய ஆய்வு அது. அதற்காகத் தலைநகர் சோபியாவிலிருந்து இந்தக் கிராமத்துக்கு ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்திருக்கிறாள். கூச்சமில்லாமல் எழுதட்டும் என்று வெளியே போய் வேறு நின்றாள். அதற்கு இந்தத் தறுதலைகள் காட்டுகிற மரியாதை இது!

தாள்களை வாங்கிச் சேர்த்தவர் தலைமையாசிரியர் ஸ்தாமென். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மேடம், இதுங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு. அப்பன் ஆத்தா எல்லாம் பொழப்புக்கு இத்தாலி போய்க் கிழடுகளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. இங்க இதுங்க அவுத்து விட்ட மாடு."

ரலிட்சா வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"பேர் எழுத வேணாம்னு சொன்னது உங்க நல்லதுக்குத்தானே? அதுக்காக இப்படியா?"



அவள் பக்கத்தைத் திருப்பினாள். பதினேழாம் கேள்வி. 'உன் விருப்பமில்லாமல் யாராவது உன்னைப் பலவந்தப்படுத்தியது உண்டா?'

ஒன்பது தாளிலும் 'ஆம்'.

அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை பெண்களின் அழுகையைக் கேட்டிருக்கிறாள்!

"இதுவுமாடா உங்களுக்கு விளையாட்டு? நிஜமாவே இதை அனுபவிச்ச பொண்ணு முன்னாடி நின்னு இப்படிச் சிரிப்பீங்களா?"

உண்மையில் ஒருவனும் சிரிக்கவில்லை. அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் அது கண்ணில் படவில்லை.

ஒன்பது தாள்களையும் சேர்த்துப் பிடித்துக் கிழித்தாள். ஸ்தாமென் ஓடிப்போய் வகுப்பின் மூலையில் எரிந்த கணப்படுப்பின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போட்டாள்.

பஸ்ஸுக்காக நின்றபோது, கடைசி பெஞ்சுப் பையன் கலோயன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"என்ன, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல மேடம். உங்க மொத கேள்வியே ஆணா பெண்ணான்னு இருக்கு. எங்க கிளாஸ்ல பொண்ணு ஒருத்திதான். அப்புறம் பேர் எதுக்கு?"

ரலிட்சாவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"சார் எல்லாத்தையும் படிப்பாருன்னு எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் சாராயக் கடையில ஊரே பேசும். அவளைத்தான் தப்பாப் பேசும்."

"அதனால?"

"வெலினா பதினேழாவதை எழுதாம விடப் பாத்தா. நீ உள்ளதைப் போடு, நாங்க எட்டு பேரும் பொண்ணுன்னே போடறோம், அதையே போடறோம், எதுன்னு எவனும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னோம். அதுக்கப்புறம்தான் போட்டா."

பஸ் வந்து நின்றது. ரலிட்சா ஏறவில்லை. அது புறப்பட்டும் போய்விட்டது.

"வெலினா எங்க? என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போப்பா."

"அவ உங்களைப் பாக்க மாட்டா மேடம்."

"நான் மன்னிப்புக் கேக்கணும்."

கலோயன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"நீங்க கிழிச்சதும் அவ எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனா. 'பாத்தீங்களாடா, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.'"