மகாராணி தலையசைத்தாள்

"மகாராணி என்ன சொல்றாளோ அதுதான் முடிவு. அப்புறம் நீ முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சரியாக்கா?"

"நான் ஏன்டி தூக்கி வச்சுக்கறேன்? போறதுன்னா தாராளமாப் போ. உன்னைக் கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்?" என்றாள் பெரியவள், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தபடி.

மகாராணி ஒரு பொம்மை. ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள், இடுப்புக்கு மேலே மட்டும் உருவமாக, கிரீடம் வைத்து உட்கார்ந்திருப்பாள். காசு போட்டால் விளக்கு எரியும், கண்கள் உருளும். மனசுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் யோசிப்பவள் போல பாவனை செய்துவிட்டு, மேலும் கீழும் தலையாட்டினால் 'ஆமாம்'. பக்கவாட்டில் ஆட்டினால் 'இல்லை'. கழுத்துக்கு அடியில் ஆமாமுக்கு ஒரு சக்கரம், இல்லைக்கு ஒரு சக்கரம். காசு விழுந்ததும் இரண்டும் சேர்ந்து சுற்றும்; எது கழுத்தைப் பிடிக்கிறதோ அதுதான் பதில். ஏதோ ஒரு பொருட்காட்சியில் ராஜ்ஜியம் நடத்தியவள்தான். இந்தப் பட்டறைக்கு வந்தபோது அவள் வயிற்றுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

பழைய காசு விளையாட்டு இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, ஓட வைத்து, விற்பது அக்கா தங்கையின் தொழில். விற்க மனசு வராததை வைத்துக்கொள்வார்கள். மனசு வராததுதான் அதிகம். குண்டு உருட்டும் மேசைகளுக்கும், ஸ்டீயரிங் வைத்த கார் பெட்டிக்கும், பொம்மை பிடிக்கும் இரும்புக் கைக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். மோட்டார், ஸ்பிரிங், கம்பி எல்லாம் பெரியவள் பொறுப்பு. மரம், கண்ணாடி, வர்ணம் சின்னவள் பொறுப்பு.

இரண்டு பேருக்குள் எந்த வழக்கு வந்தாலும் இயந்திரம்தான் நீதிபதி. குண்டு உருட்டித் தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். காரை மோதியவள் வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.

இன்றைய வழக்கு கொஞ்சம் பெரிது. வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு கூடம் நிறைய இதே மாதிரி இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சின்னவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

பெரியவளுக்கு அவளை அனுப்பத் துளியும் மனசில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

"அங்க சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?"

"உன் சமையலைத் தின்னு வளர்ந்த உடம்பு அக்கா இது. கல்லைப் போட்டாலும் செரிக்கும்."

"நாக்கு நீளம். அங்க போய் இப்படிப் பேசு, ஒரே வாரத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப உனக்குச் சந்தோஷம்தானே?"

"எனக்கென்ன வந்தது? இடம் காலியானா இன்னும் ரெண்டு மெஷின் வைப்பேன்."

சின்னவள் சிரித்துக்கொண்டே காசை எடுத்தாள். "நேத்து இவளுக்குக் கழுத்து பிடிச்சுக்கிட்டு நின்னுச்சே. இன்னைக்கு ஆடுவாளா?"

"எண்ணெய் விட்டிருக்கேன். கேள்வியைக் கேளு, வளவளன்னு பேசாதே."

காசு உள்ளே விழுந்தது. விளக்கு எரிந்தது. மகாராணியின் கண்கள் இடமும் வலமும் உருண்டன. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். முணுமுணுத்த உதடு நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் அசைந்தது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகாராணி நிதானமாகத் தலையை அசைத்தாள். பக்கவாட்டில். ஒரு முறைக்கு இரு முறை. விளக்கு அணைந்தது.

"அடடா!" பெரியவள் தன்னால் முடிந்த அளவு வருத்தத்தைக் குரலில் கொண்டுவந்தாள். "இல்லைங்கறாளே! பாவம்டி, நல்ல வேலை. என்ன பண்றது, அவ சொன்னா சொன்னதுதான். அவங்களுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு. நான் போய் டீ போடறேன்."

"முடிவு முடிவுதானேக்கா? பின்னாடி மாத்தக் கூடாது."

"மகாராணி பேச்சுக்கு மறுபேச்சு ஏது?"

சின்னவள் போனை எடுத்தாள். பெரியவள் இன்னும் அடுப்படி வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து குரல் கேட்டது.

"வணக்கம் மேடம். சம்மதம்தான். திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடறேன்."

பெரியவள் திரும்பி ஓடி வந்தாள். "ஏய், என்னடி உளர்றே? அவதான் இல்லைன்னுட்டாளே!"

"ஆமா. 'நான் இங்கேயே இருந்துடட்டுமா'ன்னு கேட்டேன். இல்லைன்னுட்டா."

"அதெப்படிடி? நீ எதைக் கேட்டாலும் அவ இல்லைன்னுதானே சொல்லுவா! ஆமாம் சொல்ற சக்கரத்தைத்தான் நான் காலையிலேயே..." பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கழட்டிட்டே. காசு விழுந்ததுமே ஒரு சக்கரம்தான் சுத்துதுன்னு காதுல விழுந்துடுச்சுக்கா," என்றாள் சின்னவள். "அதான் 'போகட்டுமா'ன்னு கேட்க ஆரம்பிச்சவ, பாதியில கேள்வியை மாத்திட்டேன்."