வீடு தேடி வந்த திருத்தம்

தவறான செய்தி வந்தால், அதைப் படித்தவரின் வீட்டுக்கே நிருபர் போய்த் திருத்தத்தை உரக்க வாசிக்க வேண்டும். இப்போது அதுதான் சட்டம். எங்கள் வீட்டுக்கு வந்த நிருபர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"மகிழினிங்கிறது யாருங்க?"

"என் மனைவி. போன மாசம் தவறிட்டா."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்படின்னா... உங்க முன்னாடிதான் வாசிக்கணும் சார்."

"வாசிங்க."

"ஏரித் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நாங்கள் வெளியிட்டது தவறு. வருந்துகிறோம்."

வாசித்து முடித்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நல்ல மனிதர். அந்தச் செய்தியை நம்பித்தான் மகிழினி கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைக் குடித்தாள்.

எதிர்வீட்டுக் கோமளவல்லி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பை ஒத்துக்க வீடு தேடி வர்றாங்களே தம்பி! எந்தப் பேப்பர்காரன் இப்படி வந்தான்? இனிமே நானும் இதைத்தான் வாங்கப்போறேன்."

மறுவாரம் அக்கா அந்தப் பேப்பரை ஆட்டிக் காட்டினார். "ஏரி சுத்தமாயிடுச்சாம் தம்பி!"

குழாயைத் திறந்து குடத்தை வைத்தார். நான் போய் மூடினேன்.

"தப்பா இருந்தா அவங்களே வந்து சொல்லிடுவாங்க தம்பி" என்று என் தோளைத் தட்டிவிட்டு மறுபடி திறந்தார்.