டீச்சரம்மாவின் கனவு

சேவுகனுக்கு மருத்துவமனையில் வேலை. நோயாளிகளின் கெட்ட கனவுகளை வாங்கிவந்து, பகலில் வீட்டில் படுத்து, தானே கண்டு தீர்ப்பான்; பிறகு அவை அவர்களுக்கு வராது. படுக்குமுன் மனைவி தவமணி அவன் கைகளைக் கட்டிலோடு கட்டிவிடுவாள்.

"இன்னிக்குக் கட்ட வேணாம். ஒரு டீச்சரம்மா கனவுதான். பரீட்சைப் பயமா இருக்கும்," என்றான்.

நண்பகலில் காபியோடு எழுப்பப் போனாள். தூக்கத்திலேயே பாய்ந்து அவள் கழுத்தை நெரித்தான். அவள் முகத்தைச் சுவரில் மோதினான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. அவள் டம்ளரால் அவன் நெற்றியைப் பிளந்த பிறகே விழித்தான்.

"பெல்ட்டால அடிச்சான் தவமணி. தினமும் அடிக்கிறான். அதான் திருப்பி அடிச்சேன்," என்று அழுதான்.

"எவன்?"

"டீச்சரம்மா புருசன்."

தவமணி பல்லைத் துப்பினாள்.

"இனிமே அந்தம்மா நிம்மதியாத் தூங்கிருவாக," என்றாள். "அவன் பக்கத்துலயே."